பொங்கலுக்கு ஊருக்குப் போகும் தாய்மாமன் என்ன வாங்கலாம்?

ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பொங்கல் லீவுக்குப் பாலக்கோடு பக்கம் எங்கள் ஊருக்குப் போகிறேன். அக்கா மகளுக்கு 6 வயது, மகனுக்கு 4. அண்ணன் குழந்தைக்கு 11 மாதம். போன வருஷம் பையனுக்கு வாங்கிக் கொடுத்த ரிமோட் கார் இரண்டே நாளில் அக்குவேறு ஆணிவேறாகிவிட்டது. இந்த வருஷம் டேப் (டேப்லெட்) வேண்டும் என்கிறான். குட்டிக்கு வாக்கர் வாங்கலாம் என்றிருக்கிறேன். உருப்படியாக என்ன வாங்கலாம்?"

முதலில் அந்த ரிமோட் கார். அவன் அதை உடைக்கவில்லை தம்பி, விளையாடியிருக்கிறான். பட்டனை அழுத்தினால் அதுவே ஓடுகிறது, அதுவே திரும்புகிறது, பாட்டும் அதுவே பாடிக்கொள்கிறது, அப்புறம் பிள்ளைக்கு என்ன மிச்சம்? கழற்றிப் பார்ப்பது ஒன்றுதான். தருமபுரியில் சின்னக் குழந்தைகளின் நடை, பேச்சு வளர்ச்சியைப் பார்க்கிற வேலையில் இருக்கிறேன், சாமான் வாங்க யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது எப்போதும் இதுதான்: பொருள் சும்மா கிடக்க வேண்டும், பிள்ளை வேலை செய்ய வேண்டும்.

வாக்கர் வேண்டவே வேண்டாம். உட்காரவைத்து உருட்டுகிற அந்தச் சாமானைத்தான் சொல்கிறேன். அதில் குழந்தை கால் நுனியால் தள்ளிக்கொண்டு போகும், தன் எடையைத் தானே தாங்கி நிற்கப் பழகாது, வாக்கரில் விட்டால் சீக்கிரம் நடக்கும் என்பது வெறும் நம்பிக்கை. நாம் எட்டிப் பிடிப்பதற்குள் திண்ணைப் படி வரை போய்விடும், அடுப்படிக்கும் போய்விடும். கனடாவில் 2004இலேயே இதன் விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பதில் நம்ம பழைய நடைவண்டி இருக்கிறதே, மூன்று சக்கரம், பிடிக்க ஒரு குறுக்குக் கட்டை, அது நல்ல சாமான். குழந்தை அதற்குள் உட்காருவதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க ஆரம்பித்த பிறகு கொடுங்கள், அதற்கு முன்னால் கொடுத்துப் பிரயோஜனமில்லை. ஒரே தொந்தரவு, டைல்ஸ் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு முன்னால் ஓடிவிடும், குழந்தை குப்புற விழும். ஒரு துணிப்பையில் மணல் நிரப்பி அடிக்கட்டையில் கட்டிவிட்டால் நிதானமாகப் போகும். மண் வாசலில் அதுவும் தேவையில்லை. ஊர் ஆசாரியிடம் இப்போதே சொல்லிவையுங்கள், ஆணித்தலை வெளியே நீட்டாமல், ஓரமெல்லாம் இழைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டேப் விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரம் உங்கள் அக்கா போனிலேயே தீர்ந்துவிடும், தனியாக எதற்கு டேப்? வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் ஓசூர் பஸ் ஏறிவிடுவீர்கள், பிடுங்கி வைக்கிற பாடு அக்காவுக்கு. கேட்டால் எதையாவது சொல்லிச் சமாளியுங்கள், 4 வயதில் அதெல்லாம் எடுபடும்.

அவனுக்கு ஒரு சின்னப் பூவாளி, கைக்கு அடங்குகிற மண்கொத்தி, ஒரு டார்ச் லைட், அப்புறம் நிஜமான பூட்டும் சாவியும். சிரிக்காதீர்கள். பாலக்கோடு பக்கம் என்கிறீர்கள், வீட்டைச் சுற்றி தக்காளித் தோட்டம் இருக்கும், நான்கு செடியை "இது உன்னுது" என்று காட்டிவிட்டால் லீவு முடிந்தும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பான். பூட்டைத் திறக்கும்போது அவன் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு கையையும் திருகுவதைப் பாருங்கள், பின்னால் பென்சில் பிடிக்கப்போவது அந்த விரல்கள்தான்.

கடையில் பொம்மை வாங்குவதென்றால் ஐஎஸ்ஐ முத்திரை பாருங்கள், 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்கு அது கட்டாயம். சன்னபட்டணா மரப்பொம்மை கிடைத்தால் எடுக்கலாம், பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கிற ஊர், வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள் என்கிற அரசுப் பதிவு) பெற்ற கைவினைப் பொருளுக்கு விதிவிலக்கு உண்டு, இதுவும் அதில் சேர்த்தி, முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். ஆனால் போலியும் நிறைய ஓடுகிறது, பெயின்ட் வாடை வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பாட்டுப் பாடும் பொம்மையில் பொத்தான் பேட்டரி இருக்கும், மூடிக்கு ஸ்குரூ இல்லையென்றால் தொடவே வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும், வாந்தி எடுக்கவைக்கிற வேலையெல்லாம் பார்க்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

6 வயதுப் பெண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடியும், படம் நிறைய உள்ள இரண்டு தமிழ்ப் புத்தகமும். நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள், முதல் தடவை நீங்களே வாசித்துக் காட்டுங்கள், அதுவும் பரிசில் சேர்த்திதான். அதோடு ஒரு பல்லாங்குழி. நம்ம பக்கம் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? ஆயா வீட்டில் புளி தட்டும்போது அவளையே பொறுக்கிக் கழுவிக் காயவைக்கச் சொல்லுங்கள். குழிக்கு 5 வீதம் ஆடினால் 14 குழிக்கு 70 கொட்டை. எண்ணவும் பங்கு பிரிக்கவும் தானாக வந்துவிடும், ஆயாவுக்கும் ஆட ஒரு ஆள் கிடைக்கும்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டையை எண்ணி டப்பாவில் போட்டு உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். 69தான் இருக்கிறது என்றால், கட்டிலுக்கு அடியில் தேடுவதற்கு முன்னால் அந்த 11 மாதக் குட்டியின் வாயைப் பாருங்கள்.