மர்ஃபி பாடி கட்டிய டூசன்பர்க்: ஏலத்துக்கு முன் எதைக் கேட்க வேண்டும்?

கேள்வி: அமெரிக்க ஏலம் ஒன்றில் 1930 டூசன்பர்க் மாடல் ஜே என்ற பழைய சொகுசுக் கார் வருகிறது. 'மர்ஃபி கன்வெர்டிபிள் கூபே', அதாவது மர்ஃபி கம்பெனி கட்டிய, கூரையை மடிக்கக்கூடிய இரண்டு கதவு பாடி என்று போட்டிருக்கிறார்கள். அந்த பாடி முதலிலிருந்தே அந்தக் காரில் இருந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பாடி உண்மையிலேயே மர்ஃபி கட்டியதாக இருக்கலாம், ஆனால் வேறொரு டூசன்பர்க்கிலிருந்து கழற்றி மாட்டியதாகவும் இருக்கலாம். அதனால் இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இண்டியானாபொலிஸில் இருந்த டூசன்பர்க் கம்பெனி 1928 டிசம்பரில் மாடல் ஜே-யை அறிமுகப்படுத்தியபோது 8,500 டாலர் என்று விலை சொன்னது வெறும் சேசிஸுக்குத்தான், அதாவது பாடி இல்லாத ஓடும் அடிச்சட்டத்துக்கு; அதில் கம்பெனிக் கணக்கில் 265 குதிரைத்திறன் கொண்ட எட்டு சிலிண்டர் என்ஜின் இருந்தது. லாரிக்குச் செய்வதுபோல பாடியைத் தனியாகக் கட்ட வேண்டும். மாடல் ஜே-வுக்கு அதிகம் கட்டியது கலிஃபோர்னியா பாசடீனாவில் இருந்த மர்ஃபி கம்பெனி. மெலிந்த முன்தூண்களும், மடித்தால் உலோக மூடிக்கடியில் மறைந்துவிடும் கூரையும் எனக்கு இன்றும் அலுக்காத வேலைப்பாடு. 1932-இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது.

போல்ட்டைக் கழற்றினால் பாடி தனியாக வந்துவிடும் என்பதால் மாற்றுவது அப்போதே சகஜம். பழைய கார்களாகி விலை இறங்கியபோது கனமான லிமோசின் பாடியை எடுத்துவிட்டுத் திறந்த பாடி போட்டவர்கள் பலர். திறந்த கார்களுக்கு மவுசு கூடிய பிறகு அந்த ஆசை இன்னும் அதிகமானது.

என்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் என்ற தடுப்பில் இருக்கும் தகட்டில் கார் எண்ணும் ஜே எழுத்தோடு தொடங்கும் என்ஜின் எண்ணும் இருக்கும். இரண்டும் வேறு வரிசைகள், எண்கள் வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தகட்டைப் புதிதாகச் செய்து ஒட்ட முடியும் என்பதால் சேசிஸ் சட்டத்திலும் என்ஜினிலும் குத்திய எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் பாடி எண், அதை மரச்சட்டத்திலும் பாகங்களின் உள்பக்கத்திலும் தேடச் சொல்லுங்கள். இந்தக் கார்களின் ஆர்வலர் சங்கமான ஆபர்ன் கார்ட் டூசன்பர்க் கிளப்பின் சான்றிதழ் இருக்கிறதா, கார் எவ்வளவு அசலாக இருக்கிறது என்பதை வைத்து அவர்கள் தரும் பிரிவுகளில் எந்தப் பிரிவில் என்றும் கேளுங்கள்.

வெளியே வரும் பளபள எக்ஸாஸ்ட் குழாய்களை வைத்து சூப்பர்சார்ஜர் (என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அதன் சக்தியைக் கூட்டும் கருவி) உள்ள கார் என்று நம்பிவிடாதீர்கள், சாதாரண ஜே-க்கும் அதைப் பொருத்தினார்கள்.

1930-களிலேயே பாடி மாறிய கார் என்றால் நான் அதைத் தள்ளமாட்டேன், அதுவும் அந்தக் காரின் வரலாறுதான். மாற்றியது எப்போது, எந்தக் காரிலிருந்து என்று எழுத்தில் காட்டினால் போதும், விலை மட்டும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.