சளியில் ஆஸ்பர்ஜில்லஸ்: டாக்டர் மாத்திரை தராதது ஏன்?

அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்துல இருக்க உங்க அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்குற நாள்பட்ட நுரையீரல் நோய்), முன்னாடி டிபி வந்து குணமாயிருக்கு, இப்போ சளி டெஸ்ட்ல ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை. டாக்டர் ஏன் மாத்திரை எழுதலைன்னு கேட்டிருக்கீங்க.

சளியில வளர்ந்ததை மட்டும் வச்சு மாத்திரை தொடங்காதது சரிதான். அந்த வித்து காத்துல எங்கயும் உண்டு. நல்ல நுரையீரல் வெளியே தள்ளிரும், சேதமான மூச்சுக்குழாய்ல தங்கிரும்.

ஆனா டிபி வந்தவர்ங்கிறதால இதோட விட்டுராதீங்க. டிபி நுரையீரல்ல விட்டுட்டுப் போன பழைய குழிக்குள்ள பூஞ்சை உருண்டையாவே வளரலாம். சிடி ஸ்கேன், ரத்தத்துல ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி (இந்தப் பூஞ்சையை எதிர்த்து உடம்பு உண்டாக்குற எதிர்பொருள்), மொத்த ஐஜிஇ (அலர்ஜியில ஏறுற எதிர்பொருள்) டெஸ்ட் வேணுமான்னு கேளுங்க. ஐஜிஇ ரொம்ப ஏறியிருந்தா அலர்ஜி வகையான்னு பார்ப்பாங்க, அதுக்கு வைத்தியமே வேற. குழியில வேர்விட்ட நாள்பட்ட வகைன்னா இட்ராகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்து குறைஞ்சது 6 மாசம். புடெசொனைடுங்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறவர்னா அதை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லணும். ரெண்டும் சேர்ந்தா உடம்புல ஸ்டீராய்டு ஏறிரும்.

சளியில ரத்தம் வந்தா அன்னைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

மாட்டுக்கு வைக்கோல் அவர்தான் உருவிப் போடுறார்னு எழுதியிருக்கீங்களே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. மழையில நனைஞ்ச படப்பை உதறும்போது புகை மாதிரி கிளம்புற புழுதியில பூஞ்சை வித்து நெறைய இருக்கும். அந்த வேலையை இன்னைக்கே வேற ஆள்கிட்ட விடுங்க.