பதில்: கீசர் பாயின்ட்டுக்கு எர்த் ஒயர் வேண்டாம் என்கிறார் காண்ட்ராக்டர்

"தம்பி, கீசர் பாயின்ட்டுக்குப் பச்சை எர்த் ஒயர் இழுக்காதே, சுவர் பூசிய பிறகு யார் பார்க்கப் போகிறார்கள்" என்று வயரிங் வேலை செய்யும் உங்களிடம் காண்ட்ராக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வேலை போய்விடுமோ என்ற பயம் நியாயமானதுதான். ஆனாலும் இழுத்துவிடுங்கள்.

ஹீட்டிங் காயிலின் உறை நாள்பட அரித்துப் போகும். அப்போது கரண்ட் தண்ணீருக்கும் வெளிக்கூட்டுக்கும் வரும். எர்த் இருந்தால் கசிவு அந்த வழியே ஓடி, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உடனே டிரிப் ஆகிவிடும். எர்த் இல்லாவிட்டால், ஈரக்காலோடு குழாயைத் தொடுகிறவரின் உடம்புதான் வழி. "எம்சிபி இருக்கே" என்பார் காண்ட்ராக்டர். உடம்பு வழியாகப் போகிற கரண்டுக்கு எம்சிபி விழாது. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான்.

சிலர் சாக்கெட்டுக்குள், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரலையும் எர்த் பின்னையும் துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். அதை எந்த நெருக்கடியிலும் செய்யாதீர்கள். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், சுவிட்ச் போட்டதும் கீசரின் கூடு முழுக்க 230 வோல்ட்.

டிபிக்குள், அதாவது எம்சிபிகள் இருக்கும் பெட்டிக்குள், ஒயர்களை நூல் பிடித்தாற்போல் கட்டியதைப் பெருமையாகச் சொல்லியிருந்தீர்கள். மூடி போட்டால் அதுவும் யார் கண்ணிலும் படாது, இருந்தும் அப்படிக் கட்டினீர்களே! அந்தக் கைக்கு எர்த்தை விட்டுவிடுகிற வேலை அடுக்காது.

சண்டை வேண்டாம். எர்த் இல்லாமல் முடித்துத் தர மாட்டேன் என்று பூச்சுக்கு முன்பே சொல்லுங்கள். சில மீட்டர் ஒயர் விலைதான். மறுத்தால் வீட்டுக்காரரிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள், குளிக்கப்போவது அவர் பிள்ளைகள். இழுத்ததும் எர்த் பின்னுக்கும் டிபியின் எர்த் பாருக்கும் இடையே மல்டிமீட்டரில் கன்டின்யூட்டி, அதாவது ஒயர் அறுபடாமல் இணைந்திருக்கிறதா என்று, பார்த்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள்.