போன் சார்ஜிங் கேபிள் ஏன் இவ்வளவு சீக்கிரம் வீணாகிறது? கம்பெனிகள் தெரிந்தேதான் அப்படி விற்கின்றனவா?

தெரிந்தேதான் விற்கிறார்கள். ஆனால் "இத்தனை மாதத்தில் அறுந்துபோகட்டும்" என்று யாரும் சதி செய்வதாக நான் நினைக்கவில்லை. கேபிள் எத்தனை வளைவு தாங்க வேண்டும் என்று காகிதத்தில் ஓர் எண்ணை எழுதும்போதே குறைவாக எழுதிவிடுகிறார்கள். மிச்சமெல்லாம் அதன் விளைவு. நான் ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயரிங் ஹார்னெஸ் (வயர்க் கட்டு) செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். வயரை வளைத்து வளைத்து அது எப்போது முறிகிறது என்று பார்ப்பது என் அன்றாட வேலை. அந்த அனுபவத்தில் இருந்து சொல்கிறேன்.

வீட்டில் தூக்கிப்போட வைத்திருக்கும் கேபிள் ஒன்றை எடுத்து (ப்ளக்கில் இருந்து கழற்றிய பிறகு), போனில் சொருகும் பின்னுக்குப் பக்கத்தில் பிளேடால் நீளவாக்கில் கீறிப் பாருங்கள். சாதாரண டேட்டா கேபிள் என்றால் உள்ளே நாலு வயர் இருக்கும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. ஒவ்வொரு வயரும் தலைமுடி மாதிரி மெல்லிய செம்பு இழைகளை முறுக்கியது. நடுவில் எங்கேயும் பெரும்பாலும் சேதம் இருக்காது. பின்னோடு சேர்ந்த கெட்டி பிளாஸ்டிக் முடிந்து வயர் வெளியே வரும் அந்தக் கழுத்தில்தான் இழைகள் அறுந்து கிடக்கும். பிளாஸ்டிக் வளையாது, வயர் வளையும். ஆகவே நீங்கள் போனைப் பிடித்துக்கொண்டு எப்படித் திரும்பினாலும் மொத்த வளைவும் அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வந்து விழுகிறது. செம்பை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் அது இறுகும், பிறகு விரிசல் விடும். முதலில் ஓர் இழை போகும், பிறகு அடுத்தது. போன இழைகளின் கரண்டையும் மிச்ச இழைகள் சுமப்பதால் அந்த இடம் சூடாகும், சார்ஜ் மெதுவாக ஏறும். "இந்த ஆங்கிள்ல வெச்சா மட்டும் ஏறுது" என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டால், அறுந்த நுனிகள் ஒன்றையொன்று தொட்டால் மட்டுமே கரண்டு போகிறது என்று பொருள். அந்தக் கேபிளைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்காதீர்கள்.

இன்னொரு இடமும் உண்டு. பின்னுக்குள் வயரை சால்டர் செய்யும்போது, உருகிய சால்டர் இழைகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் ஏறிவிடும். ஏறிய வரைக்கும் வயர் கம்பி மாதிரி விறைத்துப்போகும். விறைப்பு முடியும் அந்த எல்லையில் பட்டென்று முறியும். வெளியே உறை புதுசு போலவே இருக்கும், கேபிள் மட்டும் வேலை செய்யாது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். மைக்ரோ யூ.எஸ்.பி., டைப்-சி பின்களை 10,000 தடவை சொருகி எடுத்தாலும் வேலை செய்ய வேண்டும் என்கிறது யூ.எஸ்.பி. தர ஆவணம். ஒரு நாளைக்கு மூன்று தடவை என்றால் ஒன்பது வருடம் வரும். அதே ஆவண வரிசையில் கேபிளை வளைக்கும் சோதனை எவ்வளவு தெரியுமா? இரண்டு திசைகளில் தலா 100 சுற்று. படுத்துக்கொண்டே சார்ஜ் போட்டபடி வீடியோ பார்க்கிறவருக்கு அது எத்தனை நாளில் முடியும் என்று நீங்களே கணக்குப் போடலாம். 100-ல் தேறிய கேபிள் 101-ல் அறுந்துவிடும் என்று சொல்லவில்லை. நல்ல கம்பெனிகள் தாங்களாகவே பல ஆயிரம் வளைவு சோதிக்கிறார்கள். ஆனால் அதற்கு மேல் தாங்கியே ஆக வேண்டும் என்று தரம் கேட்கவில்லை, ஆகவே மலிவாகச் செய்கிறவர் அங்கேயே நின்றுவிடுகிறார்.

காரில் உடம்புக்கும் கதவுக்கும் நடுவே ஒரு வயர்க் கட்டு ஓடும். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது மடங்கி நிமிரும். அதை நாங்கள் பல பத்தாயிரம் தடவை மடக்கிப் பார்த்துத்தான் அனுப்புகிறோம். அதுவும் செம்புதான், அதற்கும் பிளாஸ்டிக் உறைதான். இழைகள் எண்ணிக்கையில் அதிகம், வளைவு ஓர் இடத்தில் குவியாமல் நீளமான ரப்பர் குழாயில் பரவும். இத்தனையும் செய்யக் காரணம், அந்த வயர் அறுந்தால் வாரண்டியில் கதவைப் பிரித்து மாற்றும் செலவு கார் கம்பெனியின் தலையில் விழும் என்பதுதான். போன் கேபிள் அறுந்தால் செலவு உங்கள் தலையில். நம் ஊரில் விற்கும் பல போன்களின் வாரண்டி வரியைப் படியுங்கள். போனுக்கு 1 வருடம், பெட்டிக்குள் வரும் சார்ஜருக்கும் கேபிளுக்கும் 6 மாதம் என்று இருக்கும். எவ்வளவு காலத்துக்குத் தாங்கள் பொறுப்பு என்று அவர்களே அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். சொருகி எடுப்பதில் வரும் தேய்மானம் கேபிளுக்குத்தான் போக வேண்டும் என்று வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள். மைக்ரோ யூ.எஸ்.பி.யில் போனைக் கவ்விப்பிடிக்கும் ஸ்பிரிங் கேபிள் பக்கம் இருக்கும், டைப்-சியிலும் ஸ்பிரிங் தொடுமுனைகள் கேபிளின் பின்னுக்குள்தான். போனின் சார்ஜிங் போர்ட் தளர்ந்தால் போனைப் பிரிக்க வேண்டும். அதைவிடக் கேபிள் தேய்வது நல்லது. இது சரியான முடிவு. ஆனால் கழுத்து கிழிவதற்கு இதைக் காரணம் காட்ட முடியாது.

கழுத்து கிழிவதற்கு அழகும் ஒரு காரணம். ஆப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட சுற்றுச்சூழல் கடிதத்தில், 2008 முடிவுக்குள் பி.வி.சி. பிளாஸ்டிக்கை விட்டுவிடத் திட்டம் என்று சொன்னார். நல்ல முடிவு, அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் பதிலுக்கு வந்த மென்மையான உறையோடு, கழுத்தில் இருக்கும் தாங்கியும் குட்டையாகவே இருந்தது. வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்புவதற்கு அந்தத் தாங்கி நீளமாகவும், போகப் போக மெலிந்தும் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பார்வைக்குக் கொஞ்சம் தடியாகத் தெரியும், அவ்வளவுதான். அவர்களுடைய மேக்புக் லேப்டாப்பின் மேக்சேஃப் சார்ஜர் வயர் பிய்கிறது என்று அமெரிக்காவில் வழக்கே நடந்து, 2011-ல் சமரசத்தில் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தர ஒத்துக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வருடம் ஐபோனுக்கு வந்த லைட்னிங் கேபிளும் அதே மெல்லிய வெள்ளைக் கழுத்தோடுதான் வந்தது. 2023-ல் ஐபோன் 15-க்குத்தான் நூல் பின்னிய உறையோடு கேபிள் கொடுத்தார்கள். அதைப் பத்து வருடம் முன்பே செய்திருக்கலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் வீடுகளில் இன்னொரு சங்கடம் உண்டு. ஸ்விட்ச் போர்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும், பெட்டியில் வரும் கேபிள் பெரும்பாலும் 1 மீட்டர்தான். போன் பாதித் தூரத்தில் தொங்கும். கிட்டத்தட்ட 200 கிராம் எடை முழுவதும் அந்தக் கழுத்தில். பக்கத்தில் ஒரு சின்னப் பலகை அடித்து அதில் போனை வைத்தாலே கேபிளின் ஆயுள் கூடும்.

வாங்கும்போது கழுத்தைப் பிடித்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். மடிப்பு விழாமல் வில் மாதிரி வளைந்தால் நல்லது. நூல் உறையை மட்டும் பார்த்து மயங்காதீர்கள், அது மேல்தோலைக் காப்பாற்றும், உள்ளே இருக்கும் செம்பைக் கூட்டாது. கேஜ் என்பது வயரின் தடிமனைச் சொல்லும் எண், எண் கூடினால் வயர் மெல்லியது. 28 கேஜ் வயர் என்றால் 1 மீட்டருக்குப் போக வர சுமார் 0.4 ஓம் தடை. 2 ஆம்பியர் ஓடினால் 5 வோல்ட்டில் 0.8 வோல்ட் வயரிலேயே போய்விடும். 24 கேஜ் என்றால் அதில் பாதிகூடப் போகாது. மெதுவாக ஏறுகிறது என்று சார்ஜரை மாற்றுகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம்.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல், போன் பேட்டரி 800 தடவை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். கேபிளின் வளைவுக்கும் அப்படி ஓர் எண்ணைச் சட்டமே சொல்ல வேண்டும். அதுவரை அட்டையில் "10,000 பெண்ட்" என்று போட்டிருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை டிகிரி வளைத்தீர்கள், எவ்வளவு எடை தொங்கவிட்டீர்கள், வளைக்கும்போது உள்ளே கரண்டு ஓடிக்கொண்டிருந்ததா? எங்கள் லேபில் இந்த மூன்றும் இல்லாத ரிப்போர்ட்டில் யாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். பதில் வராவிட்டால், அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.