சால்வைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

அன்புள்ள ஐயா,

சேர்வராயன் மலைக் கிராமங்களில் மாலை வகுப்பும் தாய்சேய் நல வேலையும் செய்யும் எங்கள் அறக்கட்டளையின் செயலாளர் அம்மா 31 வருடச் சேவைக்குப் பிறகு மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். சம்பளத்துக்கு இருந்தவர், சில வருடமாக அறங்காவலரும்கூட. மொத்தம் 18 பேர் வேலை பார்க்கிறோம். சேலத்தில் மண்டபம் பிடித்து மாலை 6 மணிக்கு விழா வைக்கலாம், அறக்கட்டளைக் கணக்கிலிருந்து ஒரு பவுன் மோதிரம் போடலாம் என்கிறது கமிட்டி. வேறு என்ன செய்யலாம்?

வாசகர், அஸ்தம்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

மோதிரத்தை அறக்கட்டளைப் பணத்தில் வாங்க வேண்டாம். வரிவிலக்கு உள்ள அறக்கட்டளையின் பணம் அறங்காவலரின் சொந்தப் பயனுக்குப் போனால் அந்தத் தொகைக்கு விலக்கு போய்விடும், அபராதமும் வரலாம். ஊழியர்களும் நண்பர்களும் கைக்காசு போட்டு வாங்கட்டும். அந்த வசூல் அறக்கட்டளைக் கணக்குக்குள்ளேயே வரக்கூடாது. அதற்கு 80ஜி ரசீதும் (நன்கொடையாளர் வரிச்சலுகை பெறக் கொடுப்பது) போடக்கூடாது.

கடிதத்தில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றி ஒரு வரிகூட இல்லை. எனக்கு அதுதான் கவலை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அது ஊழியரின் சட்டப்படியான உரிமை. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15ஆல் பெருக்கி, 26ஆல் வகுத்து, சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். மாதம் 18,000 ரூபாய் என்றால் 31 வருடத்துக்கு 3,21,923 ரூபாய். ஓய்வு பெற்ற 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டி உண்டு. தொண்டு நிறுவனங்களில் இது தவறிப்போவதற்குக் காரணம் திட்ட நிதிதான். ஓராண்டு பட்ஜெட்டில் பணிக்கொடைக்கென்று தனித் தொகை யாரும் ஒதுக்குவதில்லை. முப்பது வருடம் கழித்து மொத்தமாக வந்து நிற்கும்போது, 'அம்மா கேட்கமாட்டார்' என்று விட்டுவிடுகிறார்கள். அவர் கேட்கமாட்டார் என்பதால்தான் நீங்களே முந்திக்கொண்டு கொடுக்க வேண்டும். மற்ற 17 பேருக்கும் இந்த ஆண்டிலிருந்தே, ஆளுக்கு ஒரு மாதச் சம்பளத்தில் சுமார் 58 சதவீதம் வருடாவருடம் ஒதுக்கி வையுங்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அவரை நிம்மதியாக இருக்க விடாத இன்னொன்று ஓடிபி. வங்கி, வருமான வரித் தளம், வருங்கால வைப்பு நிதி எல்லாம் அவர் கைபேசி எண்ணில்தான் இருக்கும். ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட்டு எண் கேட்பீர்கள். பிப்ரவரியிலேயே தீர்மானம் போட்டு, கையெழுத்து அதிகாரத்தையும் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றிவிடுங்கள். எண் அறக்கட்டளையின் பெயரில் வாங்கியதாக இருக்கட்டும்.

அவர் தலைக்குள் இருப்பதை எழுத்தில் கொண்டுவருவதைப் பெரிய மரியாதையாக நினைக்கிறேன். ஜனவரியில் தொடங்குங்கள், வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கைபேசியில் பதிவு செய்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். 'உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். பழைய புகைப்படங்களைக் கையில் கொடுத்து, இது எந்த ஊர், ஓரத்தில் நிற்பவர் யார், அந்த வகுப்பு ஏன் நின்றது என்று கேளுங்கள். பெயர்களைப் படத்தின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் ஓரமாக எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறிவிடும். ஒட்டும் பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருப்பவற்றைக் கிழியாமல் எடுத்துக் காகித உறைகளுக்கு மாற்றுங்கள். இந்தப் பதிவு பின்னால் விருதுப் பரிந்துரைக்கும் கைகொடுக்கும். பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரைக்கலாம், 800 சொல்லுக்குள் எழுத வேண்டும்.

இனி விழா. மாலை 6 மணிக்குச் சேலம் மண்டபத்தில் வைத்தால் நாகலூர், செம்மநத்தம் பக்கத்துப் பெண்கள் வரமாட்டார்கள். திரும்ப 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். விழாவை மலையிலேயே வையுங்கள், ஞாயிறு காலை 11 மணிக்கு. நன்கொடையாளர்கள் கீழிருந்து ஏறி வரட்டும். மே மாதத்துக்கு மட்டும் தள்ளிப்போடாதீர்கள், கோடை விழாக் கூட்டத்தில் சாலை நெரிசலாகிவிடும்.

மேடையில் 14 பேர் ஆளுக்கு 5 நிமிடம் பேசினாலே 70 நிமிடம், சால்வை போடும் நேரம் தனி. நாலு பேர் போதும்: ஒரு கிராமச் சுகாதாரப் பணியாளர், மாலை வகுப்பில் படித்த ஒருவர், ஊர்ப் பெரியவர் ஒருவர், புதிய செயலாளர். தலைவர் வரவேற்புரையோடு நிறுத்திக்கொள்ளட்டும். வாழ்த்துமடலில் 'தியாகச் சுடர்' மாதிரி பட்டங்களை எடுத்துவிட்டு, எந்த ஊரில் எந்த வருடம் என்ன தொடங்கினார் என்று எழுதுங்கள். அச்சுக்குப் போகும் முன் ஊர்ப் பெயர்களையும் வருடங்களையும் அவரிடமே ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துவிடுங்கள்.