மெலிந்த குதிரையைத் தேற்றுவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். குதிரை இளைத்துப் போயிருக்கிறது, அதைத் தேற்றி மறுபடி வேலைக்குக் கொண்டுவர வேண்டும், என்ன போடுவது? பலரும் ஒரு தீவனத்தின் பெயரை எதிர்பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருப்பதால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: என் குதிரைக்கு விலா எலும்பு தெரிகிறது. லாயத்தில் இருப்பவர்கள் "லேசான மெலிவுதான்" என்கிறார்கள். எனக்கோ மோசமாகத் தெரிகிறது. எப்படி முடிவு செய்வது?

இதில் கண்ணைவிடக் கை நம்பகமானது. ரோமம் அடர்த்தியாக இருந்தால் கண் ஏமாந்துவிடும். 1983-இல் ஹென்னிக் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட 1 முதல் 9 வரையிலான அளவுகோல் இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. கழுத்து, கழுத்தும் முதுகும் சேரும் மேடு, தோளுக்குப் பின்புறம், விலா, இடுப்புப் பகுதி, வாலின் அடி என்று ஆறு இடங்களைத் தடவிப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். விலா கண்ணுக்குத் தெரியாமல், தடவினால் உடனே தட்டுப்பட்டால் 5. விலாவின் கோடு லேசாகத் தெரிந்து முதுகெலும்பு சற்றே மேடிட்டிருந்தால் 4. விலா தெளிவாகத் தெரிந்து வாலடி எலும்பும் துருத்தினால் 3. அதற்குக் கீழே போனால் அது அவசர நிலை. ஓட்டத்துக்குப் பழகிய குதிரை 4-இல் நன்றாகவே இருக்கலாம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

எடையையும் குறித்து வையுங்கள். எடைமேடை இல்லாவிட்டால் நாடா போதும். முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் மார்பின் சுற்றளவை செ.மீ.-இல் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையான நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 155 என்றால் சுமார் 377 கிலோ. துல்லியம் முன்னே பின்னே இருந்தாலும், ஒரே ஆள் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரே கோணத்தில் ஒரு புகைப்படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் புலப்படாது.

கேள்வி: போட்டதையெல்லாம் சாப்பிடுகிறது. இரண்டு மாதமாகத் தீவனத்தைக் கூட்டிக்கொண்டே போகிறேன். எடை ஏறவில்லை. ஏன்?

கூட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். முதலில் தராசை எடுத்து, போடும் புல்லை நிறுத்துப் பாருங்கள். "நிறையப் போடுகிறேன்" என்பவர்களின் புல் கட்டை நிறுத்தால் பெரும்பாலும் எதிர்பார்த்ததில் பாதிதான் இருக்கும். ஒரு குதிரைக்கு அதன் உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதம் உலர்புல் தினமும் வேண்டும். தேற வேண்டிய குதிரைக்கு 2 முதல் 2.5 சதவீதம். 400 கிலோ குதிரைக்கு அது 8 முதல் 10 கிலோ. முற்றி, தண்டு தடித்து, வைக்கோல் போலாகிவிட்ட புல் என்றால் எவ்வளவு தின்றாலும் சத்து சேராது.

அளவு சரியாக இருந்தால் அடுத்தது பல். குதிரைப் பல் வாழ்நாள் முழுவதும் ஆண்டுக்கு 2–3 மி.மீ. வெளியே வந்துகொண்டே இருக்கும். தேய்மானம் சீராக இல்லாவிட்டால் ஓரங்களில் கூர்முனை உண்டாகிக் கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். மென்ற புல் உருண்டையாகக் கீழே விழுகிறதா, லத்தியில் நீளநீளமான நார் தெரிகிறதா என்று பாருங்கள். பற்களை ஆண்டுக்கு ஒருமுறையாவது மருத்துவர் சோதிக்க வேண்டும்.

பிறகு குடற்புழு. லத்தியில் முட்டை எண்ணிக்கை பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் சிறு ஸ்ட்ராங்கைல் என்ற புழுக்களின் இளம்பருவம் குடல் சுவருக்குள் பொதிந்து கிடக்கும். அவை முட்டையிடாததால் சோதனையில் தெரியாது. முட்டை எண்ணிக்கை குறைவாக வந்தது என்பதற்காகப் புழுவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொரு எச்சரிக்கை: மாக்சிடெக்டின் போன்ற புழு மருந்து உடல் கொழுப்பில் தங்கும் தன்மை கொண்டது. கொழுப்பே இல்லாத குதிரைக்கு அளவு கொஞ்சம் மிஞ்சினாலும் ஆபத்து. ஆகவே எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் வயிற்றுப் புண், கல்லீரல், சிறுநீரகம், நாட்பட்ட வலி என்று பட்டியல் நீள்கிறது. ரத்தப் பரிசோதனை இல்லாமல் அங்கே நகர முடியாது. வலியை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கால் வலியோடு நாள் முழுக்க நிற்கும் குதிரை தீவனத் தொட்டிக்கு நடக்கவே யோசிக்கும்.

கேள்வி: பட்டினியில் கைவிடப்பட்டிருந்த ஒரு குதிரையை நேற்றுத்தான் கொண்டுவந்தோம். எலும்பும் தோலுமாக இருக்கிறது. வயிறு நிறையப் போடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இந்த இதழில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நீண்ட பட்டினியில் உடல் தன் கொழுப்பையும் தசையையும் எரித்துப் பிழைத்திருக்கும். அந்த நிலையில் தானியமோ சர்க்கரைச் சத்துள்ள தீவனமோ திடீரென்று உள்ளே போனால் இன்சுலின் உயரும். அது ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றை உயிரணுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் இவை சரிந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். பட்டினியில் பிழைத்த குதிரை, சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் நான்காம் நாளில் சாவது இதனால்தான். முதல் பத்து நாட்கள் கண்டத்தைத் தாண்டும் நாட்கள்.

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில் குதிரைமசால் (அல்ஃபால்ஃபா) உலர்புல்தான் பட்டினிக் குதிரைகளுக்கு மிகவும் பொருந்தியது. மாவுச்சத்து குறைவு, புரதமும் தாதுக்களும் அதிகம் என்பது காரணம். அங்கிருந்து வந்த முறை இது: முதல் மூன்று நாட்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் விடாமல், சுமார் அரை கிலோ குதிரைமசால். அதன் பிறகு ஒவ்வொரு வேளையின் அளவையும் மெல்லக் கூட்டி, வேளைகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஆறாம் நாள் வாக்கில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும். பத்து நாளுக்குப் பிறகு வேண்டிய மட்டும் கொடுக்கலாம். தானியமும் எண்ணெயும் அந்தப் பத்து நாளில் கிட்டவே வரக்கூடாது. தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். மருத்துவர் இன்றைக்கே பார்த்து ரத்தம் எடுக்கட்டும். புழு மருந்தும் தடுப்பூசியும் அவர் சொல்லும்வரை காத்திருக்கலாம்.

அது உங்களைப் பார்த்துக் கனைத்து இன்னும் கேட்கும். மனசு கேட்காது. ஆனாலும் கூடுதலாக ஒரு கை கூடப் போடாதீர்கள்.

கேள்வி: என் குதிரை 4-க்குச் சற்றுக் கீழே. நோய் எதுவும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சீக்கிரம் ஏற ஓட்ஸ், பார்லியைக் கூட்டலாமா?

முதலில் நல்ல உலர்புல்லைத் தட்டுப்பாடில்லாமல் கொடுங்கள். அதில் ஒரு பங்கைக் குதிரைமசாலாக மாற்றுங்கள். பிறகு ஊறவைத்த பீட் சக்கை, அதாவது சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் பீட் கிழங்கின் சக்கை. நாராகவே இருந்தும் ஓட்ஸுக்குக் கிட்டத்தட்ட ஈடான சக்தி தருவது அது. மாவுச்சத்து மிகக் குறைவு. இந்த மூன்றிலேயே பெரும்பாலான குதிரைகள் தேறிவிடுகின்றன.

தானியம் தேவைப்பட்டாலும் ஒரு வேளைக்கு உடல் எடையில் அரை சதவீதத்தைத் தாண்டாதீர்கள். 400 கிலோ குதிரைக்கு 2 கிலோதான் உச்சம், அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. குதிரையின் இரைப்பை உடம்பைப் பார்க்கும்போது மிகச் சிறியது. 8 முதல் 15 லிட்டர்தான். அதிக மாவுச்சத்தைச் சிறுகுடல் செரிக்க முடியாமல் பெருங்குடலுக்குத் தள்ளிவிட்டால், அங்கே அது புளித்து அமிலமாகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் அந்த வழியில்தான் வருகின்றன. குளம்பு அழற்சி வந்துவிட்டால் வேலைக்குத் திரும்பும் பேச்சே இல்லை.

சக்தியைக் கூட்ட எண்ணெய் பாதுகாப்பான வழி. ஒரு கோப்பை, அதாவது சுமார் 240 மி.லி. தாவர எண்ணெய், 600–700 கிராம் ஓட்ஸ் தரும் சக்தியைத் தரும். அதில் மாவுச்சத்து துளியும் இல்லை. நாளுக்கு 50 மி.லி.-இல் தொடங்கி இரண்டு மூன்று வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். 100 கிலோ உடல் எடைக்கு 100 மி.லி. என்பதை மேல் வரம்பாக வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும், அதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். லத்தி இளகினால் அளவைக் குறையுங்கள்.

வேகத்தைப் பற்றி: 500 கிலோ குதிரையில் ஒரு மதிப்பெண் ஏற ஏறத்தாழ 20 கிலோ வேண்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆவது இயல்பு.

கேள்வி: தவிடு ஊறவைத்துக் கொடுத்தால் எடை ஏறும் என்கிறார்களே?

கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். தினமும் பெரிய அளவில் கொடுத்தால் உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். முக எலும்பு வீங்கும் நோய் அப்படித்தான் வருகிறது. ருசிக்கு ஒரு கைப்பிடி என்றால் சரி, அதை நம்பி எடை ஏற்ற வேண்டாம்.

கேள்வி: வயிறு பானை மாதிரி இருக்கிறது, முதுகு மட்டும் ஒட்டிப்போயிருக்கிறது. இது குண்டா, ஒல்லியா?

ஒல்லிதான். நார் அதிகமான, புரதம் குறைவான புல்லையே தின்னும் குதிரைக்குப் பெருங்குடலில் செரிக்காத நார் தங்கி வயிறு தொங்கும். முதுகில் தசை கரையும். புழுவும் இப்படிக் காட்டலாம், அதையும் சோதித்துவிடுங்கள்.

கொழுப்பு சேர்வதற்குச் சக்தி போதும். தசை சேர அமினோ அமிலம் வேண்டும். அவற்றில் முதலில் பற்றாக்குறையாவது லைசின். வேலையில்லாத 500 கிலோ குதிரைக்கே நாளுக்கு சுமார் 630 கிராம் புரதமும் அதில் 27 கிராம் லைசினும் தேவை. குதிரைமசாலும் கொஞ்சம் சோயா புண்ணாக்கும் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் புரதம் மட்டும் முதுகை நிரப்பாது. தசைக்கு வேலையும் வேண்டும், அதற்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

கேள்வி: டானிக் ஊசி போட்டால் பசி எடுக்குமாமே?

பசி இல்லாத குதிரைக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் பணத்தை ஊசியில் செலவழிக்காதீர்கள்.

கேள்வி: 24 வயதுக் குதிரை. புல்லை மென்று துப்புகிறது. ரோமம் நீளமாக வளர்ந்து உதிரவே மாட்டேன் என்கிறது.

இரண்டு தனிப் பிரச்சினைகள் இருக்கலாம். மென்று துப்புவது பல் தேய்ந்து தீர்ந்ததற்கு அடையாளம். அரைக்க முடியாத வாய்க்கு நீளப் புல்லைக் கொடுத்துப் பயனில்லை. உலர்புல் கட்டிகள், பீட் சக்கை, முதிய குதிரைக்கான குருணைத் தீவனம் ஆகியவற்றை வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கூழாக, நாளுக்கு நான்கைந்து வேளை கொடுங்கள். ஊறாமல் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

உதிராத ரோமம் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறைக் காட்டுகிறது. முதுகுத் தசை கரைவதும் அதன் அறிகுறியே. ரத்தத்தில் ஏசிடிஎச் என்ற ஹார்மோனின் அளவு பார்த்தால் தெரியும், பெர்கோலைட் என்ற மாத்திரையால் கட்டுப்படுத்தலாம். முடிவு வரும்வரை தானியத்தைத் தொடாதீர்கள். இக்கோளாறு உள்ள குதிரைகளுக்குக் குளம்பு அழற்சி எளிதில் வரும்.

கேள்வி: மற்ற மூன்றும் கொழுகொழுவென்று இருக்க இது மட்டும் இளைக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே தீவனம்தான்.

தீவன நேரத்தில் தள்ளி நின்று அரை மணி நேரம் கவனியுங்கள். பெரும்பாலும் ஒன்று இதை விரட்டிக்கொண்டிருக்கும். தனியாகப் போடுங்கள், அல்லது குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒரு குவியல் கூடுதலாக, தூரதூரமாக வையுங்கள்.

கேள்வி: மூன்று மாதத்தில் 3-இலிருந்து 4-க்கு வந்துவிட்டது. சேணம் போட்டு ஏறலாமா?

முதலில் உங்களுக்குப் பாராட்டு. அது லேசான வேலை இல்லை. மதிப்பெண் 4-ஐத் தொட்டு, இன்னும் ஏறிக்கொண்டிருந்தால், முதுகில் ஏறாமல் கையில் பிடித்து நடத்தத் தொடங்கலாம். முதலில் 15–20 நிமிடம், வாரத்துக்கு நாலைந்து நாள். சீரான மேட்டில் நடப்பது முதுகுக்கும் பின்னங்காலுக்கும் மிகவும் நல்லது. மூன்று நான்கு வாரம் இப்படியே போகட்டும். இதயமும் மூச்சும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் ஆகும். குதிரை துள்ளுகிறது, தயார் என்று நினைத்து ஓட்டிக் கால் நாண் கிழிவது இந்த இடைவெளியில்தான்.

முதுகில் ஏறும் முன் சேணத்தைச் சரிபார்க்க வேண்டும். மெலிந்தபோது முதுகெலும்பின் இருபுறமும் குழி விழுந்திருக்கும், தேறத்தேற அது மாறிக்கொண்டே வரும். போன வருடம் பொருந்திய சேணம் இப்போது எலும்பில் உட்காரும். வேலை முடிந்ததும் வியர்வைக்கு நடுவே உலர்ந்த திட்டு தெரிந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். மாதம் ஒருமுறையாவது பார்த்துத் திண்டு மாற்றுங்கள். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது நல்ல உடற்கட்டுள்ள குதிரைக்கே சொல்லப்படும் அளவு. தேறி வரும் குதிரைக்கு லேசான ஆளே ஏறட்டும்.

பிறகு நடையோடு சிறிது டிராட் (நடைக்கு அடுத்த மிதமான ஓட்டம்) சேர்த்துக்கொள்ளுங்கள். நேரம், வேகம் இரண்டையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28–44 துடிக்கும் இதயம், வேலை முடிந்த பத்து நிமிடத்தில் 60-க்குக் கீழே வரவில்லை என்றால் அன்றைய வேலை அதிகம். ஏறுவதற்கு முன் கொஞ்சம் குதிரைமசால் தின்னக் கொடுங்கள். காலி வயிற்றில் ஓடினால் அமிலம் மேலே தெறித்துப் புண் உண்டாகும்.

வேலை தொடங்கியதும் சக்தித் தேவை கூடும். அதனால் தீவனத்தை முன்கூட்டியே சிறிது ஏற்றிவிடுங்கள், ஏழு முதல் பதினாலு நாளில் படிப்படியாக. நாடா அளவு இரண்டு முறை தொடர்ந்து இறங்கினால் போட்டி, பயணம் என்று எந்தத் தேதி குறித்திருந்தாலும் தள்ளிவைத்துவிட்டு மறுபடி வெறும் நடைக்குத் திரும்புங்கள்.