நிரலாக்கப் போட்டிக்கு நிரல் அனுப்பும் முன் ‘பில்டை ஆட்டோமேட் பண்ணு’ என்கிறார்களே, அது என்ன?

பல கோப்புகளில் எழுதிய நிரலை ஒன்றாக்கி, கம்பைல் செய்து (கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி), மாதிரி உள்ளீட்டில் ஓட்டிப் பார்ப்பது வரை எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் முடிப்பதுதான்.

கோட்ஃபோர்சஸ், அட்கோடர் போன்ற போட்டித் தளங்களில் ஒரு கேள்விக்கு வழக்கமாக ஒரே கோப்பைத்தான் அனுப்ப முடியும். நாமோ செக்மென்ட் ட்ரீ (தரவை மர வடிவில் அடுக்கும் முறை) ஒரு கோப்பு, மாடுலோ (வகுத்தபின் வரும் மீதி) கணக்கீடு இன்னொரு கோப்பு என்று பிரித்து வைத்திருப்போம். வீட்டில் ஏழு பாத்திரத்தில் சமைத்தாலும் பயணத்துக்குக் கையில் எடுப்பது ஒரே கட்டுச்சோறுதானே!

அட்கோடர் தன் சி++ நூலகத்தோடு (தயார் நிரல்களின் தொகுப்பு) இதற்கென்றே ஒரு சிறு பைத்தான் நிரலைத் தருகிறது, பெயர் எக்ஸ்பாண்டர். அந்த நூலகக் கோப்பைக் கூப்பிடும் ‘இன்க்ளூட்’ வரி வந்தால், வரியை எடுத்துவிட்டு அங்கே அந்தக் கோப்பையே கொண்டுவந்து வைத்துவிடும். கையால் ஒட்டினால் அவசரத்தில் பழைய பதிப்பை ஒட்டிவிடுவோம். ஐசிபிசி (கல்லூரி அணிகளுக்கான உலக நிரலாக்கப் போட்டி) முறைப் போட்டியில், கடைசியில் விடை சரியானாலும், முன்பு தவறிய ஒவ்வொரு முயற்சிக்கும் உங்கள் நேரக் கணக்கில் அபராதமாக 20 நிமிடம் கூடும். அந்த 20 நிமிடம் நிஜமாகவே வலிக்கும். அதனால் மாதிரி விடையோடு ஒப்பிடும் படியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கோப்பு நீண்டால் நிரல் மெதுவாகும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது, கம்பைலரும் இன்க்ளூட் வரிகளை இப்படித்தான் விரித்துக்கொள்கிறது.